ஒரு பெட்டி, மூன்று பாரம்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலையில் கோமளா ஒரு காரியம் செய்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் நான் போட்டு உடைத்துவிடுகிறேன்.

கிள்ளான் கடைத்தெருவில் பூக்கடைக்காரர்கள் மட்டுமே கடை திறந்திருந்த நேரம். மாடியில் இருக்கும் ஆபீசைத் திறந்தாள். கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருந்த மேசைத்துணியை எடுத்தாள். கையுறைச் சரக்குக்கான கஸ்டம்ஸ் பாரத்தை ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரப்பி, அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, அடங்கியது.

பிறகு செய்ததுதான் வம்பு. எடுத்த இன்வாய்சைத் தட்டில் எடுத்த மாதிரியே வைத்தாள். துணியைப் பழையபடி போர்த்தினாள். ஒன்றுமே நடக்காத மாதிரி கதவைப் பூட்டிக்கொண்டு, கப்பல் கம்பெனியில் வாங்க வேண்டிய காகிதங்களுக்காக போர்ட் கிள்ளானுக்கு பஸ் ஏறிவிட்டாள். பதில் வந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு. இப்போதே சொன்னால் அண்ணன் முகம் வாடும், தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

போன வாரம் படித்தவர்களுக்கு இந்த வீட்டுச் சங்கதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை.

'ரெங்கசாமி அண்ட் சன்ஸ்' என்பது ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலையை முடித்துக்கொடுக்கும் கம்பெனி. பெரியவர் ரெங்கசாமி துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் ஆரம்பித்து, சொந்தமாக லைசென்ஸ் வாங்கி ஆளானவர். மூத்த மகன் ராதாகிருஷ்ணன், வீட்டில் ராதா, கஸ்டம்ஸ் கவுண்டரில் பழகிய மனிதர். எந்த அதிகாரிக்கு எந்தப் பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம் என்பது வரை அவருக்குத் தெரியும். சின்ன மகன் வாசு கம்ப்யூட்டர் டிப்ளோமா. நடுவில் கோமளா. முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆபீசையே கட்டிக்கொண்டவள் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். உண்மையும் அதுதான். ஆனால் பலகையில் 'சன்ஸ்' என்றுதான் இருக்கிறது.

இப்போது கஸ்டம்ஸ் பாரத்தைக் கையில் வாங்குவதில்லை, எல்லாம் டெலிபோன் கம்பி வழியாகத்தான் என்று ஆகிவிட்டது. அதைச் சொல்லிக்கொடுக்கும் மூன்று நாள் வகுப்பு, பி.ஜே. என்று சொல்லும் பெட்டாலிங் ஜெயாவில் நடந்தது. மூத்தவன் இருக்கும்போது இளையவனை அனுப்புவதா என்று அப்பா ராதாவை அனுப்பினார். ராதா இரண்டாம் நாள் மதியம் சாப்பிட வெளியே வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. சான்றிதழ் மட்டும் எப்படியோ வந்து, கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. வாசு அதைச் சொல்லிக் காட்டப் போய், அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று பத்து நாளாகிறது.

இதற்கிடையில் கோலாலம்பூர்ப் பெரிய கம்பெனி ஒன்று லைசென்ஸை விலைக்குக் கேட்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துக்கு வருகிறார்கள். கோமளா அழுது, கெஞ்சி, ஒரு தவணை வாங்கினாள். பி.ஜே. கையுறைத் தொழிற்சாலையின் ஏற்றுமதி மேனேஜர் கனகலிங்கம் ஒரே ஒரு கண்டெய்னரைச் சோதனைக்குக் கொடுத்தார். துறைமுகத்துக்காரர்கள் பேச்சில் சொன்னால் ஒரு பெட்டி. யாரும் கவுண்டருக்கு ஓடக்கூடாது, முழு வேலையும் கம்ப்யூட்டரிலேயே முடிய வேண்டும், வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏற வேண்டும். நடந்தால் தொழிற்சாலைச் சரக்கு முழுக்க இவர்களுக்கு.

"பெட்டி ஒழுங்கா ஏறட்டும். லைசென்ஸ விக்கலன்னு சொல்லிடறேன். ஏறலன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது," என்றிருந்தார் அப்பா.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "நாளைக்கு ராகு காலத்துக்கு முன்ன அனுப்பிடுங்க."

யார் அனுப்புவது? அதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் பேர் சொல்லி வேலை கொடுக்கும் வழக்கமே கிடையாது. யாரோ ஒருவர் செய்துவிடுவார். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் ஓடியது.

*

கோமளா திரும்பி வந்து மாடி ஏறும்போது மதியமாகிவிட்டது. ராதா ஜன்னலோரம், வாசு கம்ப்யூட்டர் பக்கம். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெலிபோன் அலறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அவள்தான் எடுத்தாள். பெட்டியை ஏற்றிப்போன லோரி டிரைவர் பாலன்.

"அக்கா, போர்ட் கேட்டுல உட மாட்டேங்கிறான் லா! ஒங்க பாரத்துல என்னமோ பிரச்சினையாம். எனக்குப் பின்னால பதினஞ்சு லோரி நிக்குது, எல்லாவனும் ஹாரன் அடிக்கிறான்."

"இரு பாலன், நான் பாக்குறேன். லோரிய எடுத்துடாத."

"நாலு மணிக்கு கேட் மூடிடுவான் அக்கா. அப்புறம் கப்பல் போயே போச்சு."

வாசு திரையைத் திருப்பிக் காட்டினான். மலாய்மொழியில் ஒரே சொல். நிறுத்தி வைக்கப்பட்டது.

கோமளா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். எதைத் தப்பாகத் தட்டினோம்? கஸ்டம்ஸ் நம்பரை அழுத்தினாள். ஆண் அதிகாரிகள் எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். நல்லவேளையாக ஒரு பெண் அதிகாரி எடுத்தார். புவான், அதாவது அந்த அம்மா, கோபப்படவில்லை. நிதானமாக, மலாயும் இங்கிலீசுமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் இன்னும் பயமாக இருந்தது.

ஒரே பெட்டிக்கு மூன்று பாரம் வந்திருக்கிறது. ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. மூன்றையும் ரத்து செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் யார் அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்று பேரோடு எழுத வேண்டும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று. ஒன்றே ஒன்று.

"மூணா?" என்று கேட்டாள் கோமளா.

"தீகா," என்றார் புவான். மலாயிலும் மூன்றுதான்.

*

கோமளா சேதியைச் சொல்லி முடிக்கவும், படியேறி அப்பா வரவும் சரியாக இருந்தது. கோயிலிலிருந்து நேராக வருகிறார். நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதப் பொட்டலம்.

"என்னா? மூஞ்சி ஏன் எல்லாருக்கும் இப்புடி இருக்கு?"

மறுபடி சொன்னாள். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

"நான் ஒன்னுதான் அனுப்பினேன்," என்றார் ராதா. "பத்து மணிக்கு முன்னாடியே. ஆபீசுல யாரும் இல்ல. அப்பா சொன்னாங்க, செஞ்சேன்."

"நானும் ஒன்னுதான்," என்றான் வாசு கோமளாவைப் பார்த்து. "அவரு ரொட்டி சானாய் சாப்பிட எறங்குனப்ப. பேப்பரெல்லாம் தட்டுலயே இருந்துச்சுக்கா. யாரும் தொடலன்னு நெனச்சேன்."

"பேப்பர நான்தான் திருப்பி வச்சேன். இவனுக்கு எதுக்குத் தெரியணும்னு," என்றார் ராதா.

பார்த்தீர்களா! ஒரே ரத்தம் என்பது இதுதான். மூன்று பேரும் ஒரே திருட்டுத்தனத்தை ஒரே மாதிரி செய்திருக்கிறார்கள்.

"அப்ப மூணாவது?" ராதாவின் குரல் உயர்ந்தது. "பேயா வந்து அனுப்பிச்சு? அவன்கிட்ட கேளு கோமளா. பதில் வரலன்னு ரெண்டு தடவ அமுக்கியிருப்பான். அவசரக்குடுக்க."

"நான் அப்படியெல்லாம் அமுக்க மாட்டேன்னு அவருகிட்ட சொல்லுக்கா. கிளாசுக்குப் போயிட்டுப் பாதியில ஓடி வந்தது நான் இல்ல."

வாசு வீம்பாக, அனுப்பியவற்றின் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தான். மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம். முதல் வரியைப் பார்த்தான். அவ்வளவு காலையில் ஆபீஸ் சாவி யாரிடம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

கோமளாவுக்கு சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார். இவளைத்தான் நம்பி தவணை கொடுத்தார்.

வாசு ஒரு பொத்தானைத் தட்டினான். பட்டியல் மறைந்தது.

"நானாத்தான் இருக்கும்," என்றான். "ரெண்டு தடவ பட்டிருக்கும்."

"இதுக்கு ஒரு டிப்ளோமா," என்றார் அப்பா.

வாசு தலையைக் குனிந்துகொண்டான். கோமளா வாய் திறக்கவில்லை. எனக்கு இந்த இடத்தில் அவள்மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் நீங்களோ நானோ அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்போம், சொல்ல முடியாது.

*

ராதா கார்ச் சாவியை எடுத்தார். "பேசிக்கிட்டிருந்தா ஆகாது. நான் நேரா போயி பாத்துக்கறேன். எனக்குத் தெரியாத ஆளா அங்க?"

"கவுண்டர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு சொல்லுக்கா. எல்லாம் ஜும்மாவுக்குப் போயிருக்காங்க. அதோட, அங்க போனாலே கனகலிங்கம் சார் ஆர்டர் காலி."

"ரொம்பத் தெரிஞ்சவன்னு நெனப்பு அவனுக்கு."

கோமளாவுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். மேசையில் ஓங்கி ஓர் அடி. பொட்டலத்திலிருந்து தேங்காய் மூடி உருண்டு கீழே விழுந்தது.

"நான் என்ன இந்த வீட்டுக்கு போஸ்ட்மேனா? அவன்கிட்ட சொல்லு, அவருகிட்ட சொல்லு! அங்க ஒருத்தன் லோரிய வச்சுக்கிட்டுத் திட்டு வாங்கிட்டு நிக்கிறான். மூஞ்சியப் பாத்து பேசுங்க, இல்லன்னா எந்திரிச்சுப் போங்க ரெண்டு பேரும்!"

அப்பா முன்னால் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. ராதா சாவியை மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசு பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீ சரக்குக்கு என்னா கோட் நம்பர் போட்ட?" என்றார். தம்பியிடம், நேராக.

வாசு சொன்னான்.

"தப்பு. அது ஆபரேசன் பண்ற கையுறைக்கு. இது பாத்திரம் கழுவுறது. ரெண்டுக்கும் வேற வேற."

"புஸ்தகத்துல கையுறைன்னுதான் போட்டிருந்துச்சு."

"புஸ்தகத்துல கீழ பாத்தியா?"

வாசு, அண்ணன் அனுப்பிய பாரத்தைத் திரையில் கொண்டுவந்து, ஒரு வரியைச் சுட்டினான். "இது போன மாசத்து விலை."

"எப்பவும் அப்படித்தானடா! இன்வாய்ஸ் மாறிக்கிட்டே இருக்கும். மொதல்ல எதையாவது போட்டு குடுத்துடுவோம். கவுண்டர்ல பேனாவால அடிச்சு, பக்கத்துல ஆபீசர் ஒரு சின்னக் கையெழுத்து போட்டா முடிஞ்சுது."

"இதுல பேனா கெடையாது அண்ணே. அனுப்புனா அனுப்புனதுதான்."

அண்ணே. பத்து நாளைக்குப் பிறகு அந்த வார்த்தை. ராதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அட்டைப்பெட்டி எண்ணிக்கையும் மாறியிருக்கு," என்றான் வாசு. "நேத்து சாயந்தரம் கனகலிங்கம் சார் போன் பண்ணாரு. நாப்பது கொறச்சாச்சாம்."

"யாருகிட்ட சொன்ன?" கோமளா திடுக்கிட்டாள்.

"யாரு கேட்டா?"

அவள் காலையில் பழைய எண்ணிக்கையைத்தான் போட்டிருந்தாள். கோட் சரி, விலை சரி, எண்ணிக்கை தப்பு. அண்ணனுக்கு ஒன்று தெரிந்திருந்தது, தம்பிக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. வீட்டில் எல்லாம் தெரிந்தவர் யாருமில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி மூன்று பேர் இருந்தார்கள்.

*

ரத்துப் பாரத்தைக் கோமளா தட்ட உட்கார்ந்தாள். மணி இரண்டரை தாண்டியிருந்தது. பாலன் இதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். மூன்று வரி, ஒவ்வொன்றிலும் ஒரு பேர், ஒரு காரணம்.

"மொதல்ல ஒங்களோடது அண்ணே. என்ன போட?"

ராதா அப்பாவைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்தார்.

"என் பேர போடு. தெரியாம பழைய வெலைய அனுப்பிட்டேன்னு போடு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்பா, அந்தக் கிளாசுல நான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். அங்க எல்லாம் சின்னப் பசங்க. ஒரு பொண்ணு வந்து என் கையப் புடிச்சு மவுஸ் மேல வச்சுச்சு. வெக்கமா போச்சு. எனக்கு இதுல ஒன்னும் தெரியாது பா."

ரெங்கசாமி மகனை நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயது மகன் அப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை.

இரண்டாவது, வாசு. சரக்குக் கோட் தப்பு. தட்டினாள்.

மூன்றாவது வரி. திரையில் அந்தச் சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

வாசு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான். "என் பேரையே போடுக்கா. பரவால்ல. அப்பா ஒன்ன வச்சுத்தான் விக்காம இருக்காரு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொட்டிலில் கிடந்தபோது தூக்கி வளர்த்த பையன். இவளுக்காகப் பழியைச் சுமந்துகொண்டு, அதையும் ரகசியமாகச் சொல்கிறான். இந்த வீட்டில் எல்லாமே ரகசியம்தான். அதனால்தான் அங்கே லோரி நிற்கிறது.

தட்டினாள். கோமளா. பெயருக்குப் பக்கத்தில்: மற்றவர்களிடம் கேட்காமல், சொல்லாமல் அனுப்பியது.

"படி," என்றார் அப்பா.

மூன்றையும் சத்தமாகப் படித்தாள். கடைசி வரி அவள் பேர். ஆனாலும் நிறுத்தவில்லை.

ராதா வாயைப் பிளந்தார். "நீயா?"

"நான்தான். காலையில. ஒங்க ரெண்டு பேரையும் நான் நம்பல." சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கை ஓடாது. ரத்துப் பாரம் போனது. மோடம் கத்தியது.

புதிய பாரத்துக்கு மூன்று பேரும் ஒரே மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராதா கோட் சொன்னார். வாசு தட்டினான். கோமளா இன்வாய்சில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"அனுப்பவா?"

"இரு. எண்ணிக்கைய இன்னொரு தடவ படி."

படித்தான்.

"அண்ணே, ஒங்களுக்கு சரியா?"

"சரி."

"அனுப்பு. ஒரு தடவதான். கைய எடுத்துடு."

வாசு அமுக்கிவிட்டு, இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். சிரிக்க வேண்டிய காட்சிதான். யாரும் சிரிக்கவில்லை. நிமிஷங்கள் நகர மாட்டேன் என்றன. கீழே கடையில் யாரோ பூ பேரம் பேசுவது தெளிவாகக் கேட்டது. மூன்று மணி அடித்தது. மூன்றே கால். ராதா எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். திரையில் எதுவுமே இல்லை.

முதலில் வந்தது டெலிபோன்.

"அக்கா! தொறந்துட்டான் லா! உள்ள போறேன், போறேன்!" பாலனின் குரலோடு பத்து ஹாரன் சத்தமும் சேர்ந்து வந்தது.

ராதா வாசுவின் முதுகில் அறைந்தார். பிரியமான அறைதான், ஆனால் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. கோமளா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள்.

ரெங்கசாமி எழுந்தார். கீழே கிடந்த தேங்காய் மூடியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார்.

"பெட்டி ஏறிடுச்சு," என்றார். "ஒழுங்கா ஏறல."

கோமளா பக்கம் திரும்பினார்.

"அவனுங்க ரெண்டு பேரும் தெரியாம செஞ்சானுங்க. நீ எல்லாம் தெரிஞ்சு, ஒளிஞ்சு செஞ்ச. ஒன் தம்பி பழியத் தூக்கிக்கிட்டான், அதையும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "திங்கக்கெழமையிலேருந்து நீ வர வேணாம், கோமளா. வீட்டுல இரு."

"யாரு அனுப்பணும்னு நீங்க ஒரு பேர் சொல்லியிருந்தா..." அவள் முடிக்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அப்பா, அது ஞாயமில்ல," என்றார் ராதா.

"நீ சும்மா இரு."

டெலிபோன் மறுபடி மணியடித்தது. இந்தத் தடவை ரெங்கசாமியே எடுத்தார்.

"ஆங்... வணக்கம் சார். ஆமா, ஏறிடுச்சு. இல்ல, நான்தான் லைசென்ஸ்... என் பெரிய பையன் இருக்கான், அவன்கிட்ட குடுக்கட்டா?" சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றித் திருநீறு சுருங்கியது. ரிசீவரை மகளிடம் நீட்டினார். "ஒன்னத்தான் கேக்குறாரு."

கோமளா மூக்கை உறிஞ்சிவிட்டு வாங்கினாள். "ஹலோ சார்."

"பிள்ளை, கனகலிங்கம் பேசுறன்." யாழ்ப்பாணத்துக் குரல், ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்த மாதிரி. "எனக்குச் சரியான கோபம். ஒரு பெட்டிக்கு மூண்டு பாரம். கஸ்டம்ஸ் எனக்கும் நகல் அனுப்பியிருக்கினம். மூண்டாவது வரி, அது நீங்கள்தானே எழுதினது?"

"நான்தான் சார். தப்பு என்னோடது."

"அது விளங்குது. தப்புச் செய்யாத ஏஜண்டை நான் இன்னும் காணேல்ல. இனி யார் அனுப்புவினம், யார் பார்ப்பினம், யாருக்குச் சொல்லுவினம், அது எனக்குத் தெரிய வேணும். அது தெரியாமல் ஒரு பெட்டியும் தர மாட்டன். திங்கட்கிழமை காலமை பி.ஜே.க்கு வாங்கோ. அப்பா வேண்டாம், அண்ணன் தம்பியும் வேண்டாம். நீங்கள் மட்டும். வருவீங்களோ?"

திங்கட்கிழமை காலை. கோலாலம்பூர்க்காரர்கள் கையெழுத்துக்கு வரும் நேரம். அப்பா இரண்டடி தூரத்தில், கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கோமளா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வரேன் சார்," என்றாள், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.